கால் வைக்கிறதுக்கு முன்னம்

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் முறிந்து போனது. புது மரம் போடவும், கொஞ்சம் துணி வியாபாரம் பார்க்கவும் அந்தக் கப்பல் எங்கள் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டது. கப்பித்தான் பெயர் ரொபர்ட் நொக்ஸ். அவருடைய மகனுக்கும் அதே பெயர். வயது இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. கரையில் இருந்த சனம் அவர்களை நன்றாகவே வரவேற்றது. இவர்களும் பயம் தெளிந்து கரையில் இறங்கித் திரியத் தொடங்கினார்கள்.

கண்டியில் இருந்த இரண்டாம் இராசசிங்கனுக்கு அது வேறு விதமாகப் பட்டது. தன் கரைக்கு வந்த அந்நியக் கப்பல் ஒரு கடிதம் அனுப்பவில்லை, ஒரு பரிசு அனுப்பவில்லை. ஒல்லாந்தரோடு அவருக்குப் பகை முற்றியிருந்த நேரம் வேறு. 1660இல் அரசனின் அதிகாரியான திசாவை ஆட்களோடு வந்தார். ஒரு புளியமரத்தடியில் வைத்துக் கப்பித்தானைப் பிடித்தார்கள். அவரும் மகனும் மாலுமிகளுமாகப் பதினாறு பேர் உள்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். மகன் பத்தொன்பது வருடம் மலைநாட்டுக் கிராமங்களில் தொப்பி பின்னி, நெல் கடன் கொடுத்து, கடைசியில் 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்து சேர்ந்தான். 1681இல் லண்டனில் அவன் வெளியிட்ட புத்தகத்தைத்தான் இன்றைக்கும் சரித்திரக்காரர் புரட்டுகிறார்கள். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'வெள்ளைக்காரன் மரம்' என்று சொன்னால் இடம் தெரியும்.

ஒரு கடிதத்துக்குப் பத்தொன்பது வருடம் கூடத்தான். அரசன் செய்தது நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு இருக்கிற கேள்வி வேறு. கப்பல் குடாவுக்குள் நின்ற அத்தனை நாளும் அரிசியும் கோழியும் கொடுத்து, துணி வாங்கி, சிரித்துக் கதைத்த எங்கள் ஊர்ச் சனத்தில் ஒருத்தராவது அந்தக் கப்பித்தானிடம், "ஐயா, இஞ்சை மேலை ஒரு ராசா இருக்கிறார், அவருக்கு ஒரு ஓலை அனுப்பிப்போட்டு இறங்குங்கோ" என்று சொன்னார்களா?

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி பார்க்கிற, படகு ஓட்டுகிற, முச்சக்கர வண்டி ஓடுகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சித்திரை பிறந்து கடல் தெளிந்தால் புரட்டாதி வரைக்கும் உங்களுக்கு வெளிநாட்டுக்காரரோடுதான் பொழுது. நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு எடுத்தவன். என் அப்பா வெள்ளைக்காரன் காலத்து டொக்யார்டில் இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது நான் அரைக்காற்சட்டை போட்ட பெடியன். கப்பலில் வந்து இறங்குகிற எல்லா நிறத்து ஆட்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆனாலும் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் அன்றைக்கு இருந்தபடியே இன்றைக்கும் இருக்கிறது. வந்தவன் பிழை விடும்போது வாய் திறக்க மாட்டார்கள். அவன் போன பிறகு திண்ணையில் இருந்து கதைப்பார்கள். இல்லையென்றால் அத்தனை சனத்துக்கும் முன்னால் கத்துவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யக்கூடிய ஆட்கள் நீங்கள்தான்.

கோணேசர் கோயிலையே எடுங்கள். கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, மலை ஏறி, கோயில் வாசலுக்குப் போன பிறகு ஒரு பிள்ளையின் முழங்காலைக் காட்டி "இப்பிடி உள்ளுக்குப் போகேலாது" என்று சொன்னால் அவளுக்கு என்ன வரும்? வெட்கம், இல்லாவிட்டால் கோபம். அதையே காலையில் விடுதி வாசலில், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிப் பாருங்கள். திரும்பிப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவாள், நன்றியும் சொல்லுவாள். சொல்லுகிற விசயம் ஒன்றுதான்; சொல்லுகிற இடம்தான் மாறியது. செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானம் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நாங்களே துள்ளுகிறோம். பனி நாட்டுக் காலுக்கு அது தண்டனை. ஆறு, ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பக் கூடாது என்பதும் முன்னமே காதில் விழ வேண்டிய சங்கதி. மானுக்கு பிஸ்கட் பக்கெற்றைப் பிரித்துக் கொடுக்கிறதை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் வெளிநாட்டுக்காரரைவிட எங்கள் ஆட்கள்தான் மோசம்.

சட்டம் மட்டும் சொன்னால் போதாது, கதையும் சொல்ல வேண்டும். 1622இல் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். தூணும் சிலையும் கடலுக்குள் போனது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலைக்குக் கீழே சுழியோடி அந்தக் கற்களைக் கண்டார்கள். கோட்டை வாசலில் நின்று இதைச் சொன்ன பிறகு கவனித்துப் பாருங்கள்: கூட வருகிறவர் சத்தம் தானாகக் குறையும். இராவணன் வெட்டுப் பக்கத்தில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற மரம் இருக்கிறது. வடிவான படம் என்று கமெராவைத் தூக்குவார்கள். தொட்டிலைப் படம் எடுக்கட்டும். அதைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணை எடுக்கக் கூடாது. அவளிடம் போய்க் கேட்டாலும் வெட்கத்தில் தலையை ஆட்டிவிடுவாள். அதனால் அந்த இடத்தில் கேட்கவும் வேண்டாம்.

கன்னியா வெந்நீர் ஊற்றில் இதைவிடப் பெரிய சங்கடம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதிவைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு நீச்சல் உடுப்போடு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய ஊரில் வெந்நீர் ஊற்று என்றால் உல்லாசம். எங்களுக்கு அது செத்தவரை வழியனுப்புகிற இடம். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று ஐதீகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, மொட்டை அடித்துக்கொண்டு, வாளியில் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்கிற மகனுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு செல்பி எடுத்தால் எப்படி இருக்கும்? அந்த மகன் ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் நிலைமை அப்படி. கூட்டிக்கொண்டு வந்த நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்றால் பிழை அந்தக் கூட்டத்தினுடையது அல்ல. வண்டியிலேயே சொல்லுங்கள்: இது குளிக்கிற கிணறு இல்லை, அள்ளி ஊற்றுகிற கிணறு, உடம்பை மூடி உடுத்திக்கொண்டு ஊற்றலாம், கிரியை நடந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகாமல் நிற்போம். ஒருத்தராவது முகம் சுளித்து நான் கண்டதில்லை. தன் தகப்பன் செத்த கதையை அங்கே நின்று எனக்குச் சொன்ன ஜெர்மன்காரர்கூட இருக்கிறார்.

புறாத்தீவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2003இல் இருந்து தேசியப் பூங்கா. முருகைக்கல்லில் கால் ஊன்றக் கூடாது, ஒரு சிப்பி எடுக்கக் கூடாது. படகில் ஏறுவதற்கு முன்னால் கரையில் நின்றே சொல்லிவிடுங்கள். தண்ணீருக்குள் குழாயைக் கடித்துக்கொண்டு இருக்கிறவனுக்கு நீங்கள் கத்துவது கேட்காது. கரைவலை இழுக்கிற இடத்திலும் இதே கதைதான். வலையைப் பிடித்து இழுத்துப் பார்க்க வெளிநாட்டுக்காரருக்கு ஆசை. சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டால் சந்தோசமாக விடுவார். காயப் போட்ட வலையைச் சப்பாத்தோடு மிதித்துவிட்டுப் போனால், பகல் முழுக்க உங்களைத்தான் ஏசுவார்.

நொக்ஸுக்கு நேர்மாறாக ஒருவர் வந்த கதையும் இருக்கிறது. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டு ஒரு கல்லைச் செதுக்குவித்துக் கொண்டுவந்தார். 1911இல் காலியில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று மூன்று பேருக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பட்டியலும் கிட்டத்தட்டச் சரிசமம். வருகிற வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வருவது என்றால் அப்படித்தான். ஆனால் அதே செங் ஹே 1411இல் இந்த நாட்டு ஆட்சியாளன் ஒருவனையே பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கை நிறையப் பரிசோடு வருகிறவரையும் கொஞ்சம் கவனித்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்களில் சில பேர் ஹோட்டல் வேலை பழக என்றும் சுற்றிப் பார்க்க என்றும் பாங்கொக் போகிறீர்கள். அங்கே நீங்கள்தான் வெளிநாட்டுக்காரர். பழைய சீயமான தாய்லாந்துக்கும் எங்கள் துறைமுகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1753இல் சீயத்தில் இருந்து உபாலி தேரரும் அவரோடு வந்த பிக்குகளும் கப்பலால் இறங்கியது திருகோணமலையில்தான். இலங்கையில் உபசம்பதை என்ற முழுத் துறவு பெற்ற பிக்குகள் அற்றுப்போன காலம் அது. கண்டியில் ஆண்டவர் தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். அவரிடம் கப்பல் கிடையாது. ஒல்லாந்தர் கப்பல் கொடுத்தார்கள். வந்த பிக்குகள் கண்டி மல்வத்தை விகாரையில் உபசம்பதை கொடுத்தார்கள். இன்றைக்கும் இலங்கைப் பௌத்தத்தில் பெரிய பிரிவு சீயம் நிக்காயாதான். கண்டிப் பெரஹரா அதுவரை தேவர்களுக்கு எடுத்த ஊர்வலமாக இருந்தது, சீயத்துப் பிக்குகள் சங்கடப்பட்டதால்தான் புத்தரின் பல்லான தலதாவை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லுவார்கள். விருந்தாளியின் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரன் தன் வழக்கத்தையே கொஞ்சம் மாற்றிய கதை அது.

அங்கே போனால் பாதி உங்களுக்குப் பழகியதாகத்தான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது, வலது கையால் கொடுப்பது, கை கூப்புவது எல்லாம் எங்களுடையது போலத்தான். ஆனால் கை கூப்புவதில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்: இளையவர் முதலில், மூத்தவர் பிறகு. பழகியதுபோல இருக்கிற இடத்தில்தான் சறுக்கும். எங்களுக்குக் குழந்தையைக் கண்டால் தலையில் கை வைத்துத் தடவுவது ஆசீர்வாதம். அங்கே தலை உடம்பில் மேலான இடம். பிறத்தியார் கை படக் கூடாது. கால் தாழ்ந்த இடம். அதை ஒரு ஆளுக்கோ புத்தர் சிலைக்கோ நேரே நீட்டக் கூடாது. பெண் பிள்ளைகள் பிக்குவின் கையில் நேரடியாக எதையும் கொடுக்கக் கூடாது, உரசிக்கொண்டு நடக்கவும் கூடாது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடத்தில் தேசிய கீதம் கேட்டால் நடக்கிற சனம் நிற்கும்; நீங்களும் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றிப் பகிடிக்கும் வாய் திறக்க வேண்டாம். அதற்குச் சட்டம் 3 முதல் 15 வருடம் சிறை வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் சரியா பிழையா என்று ஊருக்குத் திரும்பி வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்து வாதாடுவோம். இன்னொன்று, சத்தம். எங்கள் ஆட்கள் சந்தோசத்துக்கும் கத்துவார்கள், கோபத்துக்கும் கத்துவார்கள். அங்கே கடையில் மிச்சக்காசு குறைந்தது என்று குரலை உயர்த்தினால் மானம் போவது உங்களுடையதுதான். சிரித்த முகத்தோடு திரும்பக் கேளுங்கள், கிடைக்கும்.

எங்கள் நாட்டில் மரியாதையைப் பிரம்பாக எடுத்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2012இல் பிரெஞ்சுக்காரர் மூன்று பேர் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரிப் படம் எடுத்து, காலியில் அதைக் கழுவக் கொடுத்த இடத்தில் பிடிபட்டு, ஒத்திவைத்த சிறைத் தண்டனை வாங்கினார்கள். விளையாட்டு என்று நினைத்துச் செய்த மடத்தனம், சரி, போகட்டும். 2014இல் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணை விமான நிலையத்திலேயே பிடித்து, அடைத்து வைத்து, நாடு கடத்தினார்கள். அவள் பௌத்தத்தில் பக்தி உள்ளவள். பக்தியால் குத்தினதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவளுக்கு எட்டு லட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஏன் குத்தினாய் என்று ஒரு கேள்வியை அன்றைக்கு மனம் வைத்துக் கேட்டிருந்தால் இத்தனையும் வந்திருக்காது. பழக்கவழக்கம் தெரியாமல் பிழை விடுகிறவனையும், தெரிந்துகொண்டு சீண்டுகிறவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் வாசலில் நிற்கக் கூடாது.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு: நாங்கள் "சாப்பிடுங்கோ" என்றால் முதல் தடவை "வேண்டாம்" என்போம், இரண்டாம் தடவையும் என்போம், மூன்றாம் தடவை பிட்டுக்கு முன்னால் இருப்போம். வெள்ளைக்காரர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அதே மாதிரி நாங்கள் "வேண்டாம்" என்றாலும் அப்படியே நம்பிக்கொண்டு தட்டை எடுத்துவிடுவார்கள். எங்கள் தலையாட்டல் அவர்களுக்கு 'இல்லை' மாதிரித் தெரியும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொன்னால் அன்றைய பொழுதே அதில் போகும். கிண்ணியாவிலோ மூதூரிலோ முஸ்லிம் வீட்டுக்குப் போனால் குடியோடு போகக் கூடாது, பெண்களைப் படம் எடுக்கக் கூடாது, நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கக் கூடாது. பள்ளிவாசலுக்குள் தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுக்கொண்டு போகலாம்.

கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிற எங்கள் பிள்ளைகள் தனி ரகம். தாங்களும் வெளியாட்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்கிற அதே வாய், கோயிலுக்குக் குட்டைக் காற்சட்டையோடு வந்த மருமகளைப் பார்த்து "தாய் வளர்த்த வளர்ப்பு" என்கிறது. வந்த பிள்ளையிடம் எங்கள் சனம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்: என்ன சம்பளம், வீடு சொந்தமோ, ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை, ஏன் இப்படிக் கறுத்துப்போனாய். பழக்கவழக்கம் தெரியாதது யாருக்கு? அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அம்மம்மா சமைத்ததைப் படம் எடுத்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம், ஆனால் முதல் கவளம் அவருக்கு முன்னால் வாய்க்குள் போக வேண்டும்.

கடைசியாகச் சண்டையும் சுனாமியும். 2004 மார்கழி 26இல் நிலாவெளிக் கரையில் என்ன நடந்தது என்று விருந்தாளிகள் கேட்பார்கள். யுத்த காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, புத்தகத்தில் படித்திருப்பார்கள். உங்களில் சில பேர் கேட்டதற்கு எல்லாம் பதில் சொல்லி, யாரைக் கடல் கொண்டுபோனது, யாரைக் காணவில்லை என்று பட்டியல் போட்டுவிட்டு, இரவில் நித்திரை இல்லாமல் கிடக்கிறீர்கள். காசு வாங்கியதால் கதையும் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. "அது எங்கடை வீட்டுக் கதை, இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லப் பழகுங்கள். அவர்களுக்கும் விளங்கும். மற்றவர் வீட்டுக் கதையை மட்டும் நீங்கள் சொல்லப் போக வேண்டாம். அடுத்த படகுக்காரன் தாயை இழந்தவன் என்று அவன் முன்னாலேயே ஆங்கிலத்தில் விளக்கம் கொடுக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு வேலை சொல்கிறேன், நாளைக்கே செய்யலாம். சந்தைக்குப் போய்ச் சாரம் நாலு, அகலமான பருத்திச் சால்வை நாலு வாங்கி வண்டிக்குள் வையுங்கள். உடுப்புக் காணாது என்றால் அதை எடுத்து நீட்டினால் போதும், நீளமாக விளக்கத் தேவையில்லை. வாடகை கேட்காதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தோய்த்துக் காயப் போடுங்கள். வேர்வை மணக்கிற சால்வையை நீட்டுவது மரியாதை கெட்ட வேலை.